கவுண்டி என்பது என்ன? சாண்டா கிளாராவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு பள்ளம். அதைக் குறுக்கே கடக்கும் எல் கமினோ ரியல் சாலையில் இன்னொன்று. பக்கத்தில் ஒரு குடியிருப்புத் தெருவில் மூன்றாவது. மூன்றும் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரத்துக்குள்தான். ஆனால் மூன்றையும் அடைக்க வேண்டியவர்கள் வெவ்வேறு அரசுகள். எக்ஸ்பிரஸ்வே சாண்டா கிளாரா கவுண்டியுடையது. எல் கமினோ மாநில நெடுஞ்சாலை. குடியிருப்புத் தெரு சன்னிவேல் நகரத்துடையது. நகர அலுவலகத்துக்குப் புகார் எழுதி, "இது எங்கள் சாலை இல்லை" என்று பதில் வந்ததும், "இங்கேயும் அலைக்கழிக்கிறார்களே" என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது அலைக்கழிப்பு இல்லை. அந்தச் சாலை உண்மையிலேயே அவர்களுடையது இல்லை.

அமெரிக்காவுக்கு வந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆனவர்களுக்கும் கவுண்டி என்பது மங்கலான ஒன்றாகவே இருக்கிறது. "கவுண்டி வரியை ஏற்றிவிட்டது" என்கிறோம், "கவுண்டி பள்ளிக்கூடம்" என்கிறோம், ஷெரிஃப் என்றால் பெரிய போலீஸ் அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி சரி, பாதி தவறு. நாம் கட்டும் சொத்து வரி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், சாப்பிடப் போகும் உணவகத்தின் சுத்தம் எல்லாம் இந்த ஓர் அமைப்பின் கையில் இருக்கும்போது, அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. சிலிக்கான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் பெரும்பகுதியினர் வாழும் சாண்டா கிளாரா கவுண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

கலெக்டர் இல்லாத மாவட்டம்

வரைபடத்தில் பார்த்தால் கவுண்டி நம் ஊர் மாவட்டம் போலத்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். 1850-இல் மாநிலம் உருவானபோது இருந்த 27-இல் சாண்டா கிளாராவும் ஒன்று. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,36,259. தலைமையிடம் சான் ஹோசே. அதனால் நம் மனம் இயல்பாகவே ஒரு கலெக்டரைத் தேடுகிறது. அப்படி ஒருவர் இங்கே கிடையாது.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரை மாநில அரசு நியமிக்கிறது, மாற்றுகிறது. இங்கே மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவிலிருந்து யாரும் வந்து நாற்காலியில் உட்காருவதில்லை. கவுண்டியை ஆள்வது ஐந்து பேர் கொண்ட சூப்பர்வைசர் வாரியம். கவுண்டியை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒருவரை மக்கள் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் தன் அன்றாட நிர்வாகத்துக்கு ஓர் அதிகாரியை அமர்த்திக்கொள்கிறது. அவரைக் கவுண்டி எக்ஸிக்யூட்டிவ் என்கிறார்கள். கலெக்டரின் வேலையோடு ஓரளவு ஒப்பிடக்கூடியவர் இவர்தான். ஆனால் இவர் பதில் சொல்ல வேண்டியது வாரியத்துக்கு.

இதோடு முடிவதில்லை. கவுண்டிக் காவல்துறையின் தலைவரான ஷெரிஃப், அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, சொத்து மதிப்பைக் கணிக்கும் அசெஸர் ஆகிய மூவரையும் மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிஃபைப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சூப்பர்வைசர்களால் அவரைச் சாதாரணமாக வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இந்த வாரியம் கையாளும் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணம் புழங்கும் ஓர் அரசின் உறுப்பினர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வங்கிக் கிளையும் கூட்டுறவுச் சங்கமும்

கவுண்டிக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஓர் ஊரில் பெரிய வங்கியின் கிளை ஒன்றும், ஊர்க்காரர்களே கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கி தன் தேவைக்காகக் கிளையைத் திறந்தது. விதிமுறைகள் தலைமை அலுவலகத்திலிருந்து வருகின்றன. கிளை இல்லாத ஊரே இருக்கக் கூடாது என்பது வங்கியின் கொள்கை. கூட்டுறவுச் சங்கம் அப்படியில்லை. வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நினைத்ததால் வந்தது, வேண்டாம் என்று நினைத்த ஊரில் இல்லை.

கவுண்டி அந்தக் கிளை. நகரம் அந்தச் சங்கம். மாநில அரசு தன் வேலைகளை ஊர் ஊராகச் செய்துமுடிக்க மாநிலம் முழுவதையும் கவுண்டிகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. சிறைக்கூடம், தேர்தல் நடத்துவது, சொத்துப் பதிவு, பொது சுகாதாரம், ஏழைகளுக்கான உதவி எல்லாம் மாநிலச் சட்டம் கவுண்டியிடம் ஒப்படைத்த கடமைகள். நகரங்களோ ஆங்காங்கே குடியிருந்தவர்கள் வாக்களித்துத் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டவை. தெரு, சாக்கடை, பூங்கா, கட்டட அனுமதி போன்றவற்றை அவை பார்த்துக்கொள்கின்றன.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. இங்கே கிளை மேலாளரைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர்கள். விதி மேலிருந்து வருகிறது, விதியை நடத்துபவரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். இந்த இரட்டைத் தன்மைதான் கவுண்டியின் உயிர்நாடி.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மெடிக்கால் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். யாருக்குக் கிடைக்கும், என்ன வருமான வரம்பு என்பதை மத்திய, மாநில அரசுகள் முடிவுசெய்கின்றன. விண்ணப்பத்தை வாங்கி, ஆவணங்களைச் சரிபார்த்து, "தகுதி உண்டு" அல்லது "இல்லை" என்று கடிதம் அனுப்புவது கவுண்டியின் சமூகசேவைத் துறை. வருமான வரம்பு குறைவாக இருக்கிறது என்று கவுண்டி ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை. விண்ணப்பம் இரண்டு மாதமாகக் கிடப்பில் கிடக்கிறது என்றால் தாராளமாகச் சூப்பர்வைசர் அலுவலகத்துக்கு எழுதலாம், அது அவர்கள் பொறுப்பு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கவுண்டி மாநிலத்தின் கரம், அதை இயக்குபவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள். நகரம் அந்தந்த ஊர் மக்கள் தாமாக அமைத்துக்கொண்டது.

உங்கள் காலடி மண் யாருடையது?

சாண்டா கிளாரா கவுண்டிக்குள் 15 நகரங்கள். அவற்றில் ஒன்றின் பெயரும் சாண்டா கிளாராதான். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். சாண்டா கிளாரா நகரம் வேறு, கவுண்டி வேறு. குப்பர்டினோவில் வசிப்பவர் கவுண்டிவாசி, ஆனால் சாண்டா கிளாரா நகரத்தோடு அவருக்கு எந்த நிர்வாகத் தொடர்பும் இல்லை.

எந்த நகரத்திலும் சேராத நிலமும் உண்டு. அதை அன்இன்கார்ப்பரேட்டட் பகுதி என்கிறார்கள். அங்கே கவுண்டியே நகரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கில்ராய்க்கு வடக்கே உள்ள சான் மார்ட்டின் அப்படிப்பட்ட ஊர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். அதனால்தான் பல்கலைக்கழகம் வளாகத்தில் புதிய கட்டடங்கள் கட்ட நினைத்தால் பக்கத்திலிருக்கும் பாலோ ஆல்டோ நகரத்திடம் போவதில்லை, கவுண்டி வாரியத்திடம் அனுமதி கேட்கிறது. சான் ஹோசேயின் நடுவிலும் சில தெருக்கள் மட்டும் நகரத்தில் சேராமல் தீவு போல மிஞ்சியிருக்கின்றன. வீடு வாங்குமுன் அது நகரத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஓர் அறை கட்டுவதற்கான அனுமதிக்கு எந்த அலுவலகத்தில் வரிசையில் நிற்பது என்பதே மாறிவிடும்.

சில நகரங்கள் சில வேலைகளைக் கவுண்டிக்கே ஒப்பந்தம் விட்டுவிடுகின்றன. குப்பர்டினோ, சரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மூன்றுக்கும் சொந்தக் காவல்துறை இல்லை. பணம் கொடுத்து ஷெரிஃப் அலுவலகத்திடம் காவல் சேவை பெறுகின்றன. சன்னிவேலிலோ ஒரே துறை போலீஸ் வேலையையும் தீயணைப்பையும் சேர்த்துச் செய்கிறது. நூலகத்திலும் இதே கதை. குப்பர்டினோவிலும் மில்பிடாஸிலும் இருப்பவை கவுண்டி நூலக மாவட்டத்தின் கிளைகள். சன்னிவேல், மவுன்டன் வியூ, சாண்டா கிளாரா நூலகங்கள் அந்தந்த நகரத்துக்குச் சொந்தம். மில்பிடாஸில் எடுத்த புத்தகத்தைச் சன்னிவேலில் ஏன் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

கவுண்டியின் பெயரைத் தாங்கியிருந்தும் கவுண்டி அல்லாதவையும் இருக்கின்றன. ஒரே ஒரு வேலைக்காக, தனி எல்லையும் தனி வாரியமும் கொண்டு அமைந்த அரசுகளைச் சிறப்பு மாவட்டங்கள் என்று சொல்லலாம். சாண்டா கிளாரா வேலி வாட்டர் மாவட்டம் அப்படிப்பட்டது, அதற்குத் தனியாக ஏழு இயக்குநர்கள். பேருந்தும் லைட் ரெயிலும் ஓட்டும் விடிஏவும் தனி அமைப்பு. பள்ளி மாவட்டங்களும் தனித்தனியே தேர்தல் வைத்து நடப்பவை. குழந்தையின் பள்ளி எல்லை மாற்றப்பட்டால் சூப்பர்வைசரிடம் முறையிட்டுப் பயனில்லை.

வேறு மாநிலங்களில் ஏற்பாடு வேறு. டெக்சஸில் 254 கவுண்டிகள், அவற்றில் லவ்விங் கவுண்டியில் 2020-இல் இருந்தவர்கள் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலோ ஒரு கோடிப் பேர். கனெக்டிகட் 1960-இலேயே கவுண்டி அரசுகளைக் கலைத்துவிட்டது. லூசியானாவில் கவுண்டிக்குப் பதிலாகப் பாரிஷ். வர்ஜீனியாவில் நகரங்கள் கவுண்டிக்குள் அடங்கவே அடங்காது. எனவே அட்லாண்டாவில் இருக்கும் உறவினர் சொல்லும் அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சொத்து வரி: மூன்று மேசை, ஒரு பில்

கவுண்டியை நாம் நேரடியாக உணர்வது அக்டோபரில் சொத்து வரி பில் வரும்போதுதான். "கவுண்டி ஏற்றிவிட்டது" என்ற புலம்பல் தொடங்குவதும் அப்போதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பில்லுக்குப் பின்னால் மூன்று தனித்தனி மேசைகள். முதல் மேசை அசெஸருடையது. ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி உங்கள் வீட்டின் வரிக்கான மதிப்பு என்ன என்று குறிப்பது மட்டுமே அவர் வேலை. அதை அசெஸ்டு வேல்யூ என்பார்கள். வரி விகிதத்தில் அவருக்குக் கையில்லை. இரண்டாவது மேசையில் கவுண்டியின் கணக்கு அதிகாரியான கன்ட்ரோலர் அந்த மதிப்பை விகிதத்தோடு பெருக்குகிறார். மூன்றாவது மேசையில் வரித்துறை பில் அனுப்பிப் பணம் வாங்குகிறது. மதிப்பைப் பற்றிய கேள்வியை வரி வசூலிப்பவரிடம் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

விகிதத்தைக் கட்டிப்போட்டிருப்பது 1978-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு. அதன்படி அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம். வீட்டின் மதிப்பு நீங்கள் வாங்கிய விலையில் தொடங்கும். அதன்பின் சந்தையில் எவ்வளவு ஏறினாலும் வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போது மறுபடி சந்தை விலையிலிருந்து கணக்கு தொடங்கும். ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், முப்பது ஆண்டுகளாக இருப்பவர் கட்டுவதைப் போல மூன்று மடங்கு புதிதாக வந்தவர் கட்டுவது இதனால்தான். இதில் நியாயம் இருக்கிறதா என்பது தனி விவாதம். எனக்கு இது இளம் குடும்பங்கள் மேல் வைத்த பாரமாகவே தெரிகிறது. ஆனால் அதைக் கவுண்டி வாரியம் மாற்ற முடியாது, மாநில வாக்காளர்கள்தான் மாற்ற முடியும்.

பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் அந்த 1 சதவீதம் இருக்கும். அதன் கீழே பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று பெயர் போட்டுச் சிறு சிறு விகிதங்கள். இவை வாக்காளர்கள் தேர்தலில் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான தவணை. அதற்கும் கீழே, வீட்டின் மதிப்போடு தொடர்பில்லாத தனிக் கட்டணங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொலைபேசி எண். அந்த எண் கவுண்டியுடையது இல்லை, கட்டணத்தை விதித்த அமைப்புடையது. ஆக, பில் ஏறியிருந்தால் அதில் எந்த இனம் ஏறியது என்று போன ஆண்டு பில்லோடு ஒப்பிட்டால் போதும், யாரிடம் கேட்பது என்று பில்லே சொல்லிவிடும். வசூலான 1 சதவீதத்தில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறது. கவுண்டி தனக்காக வைத்துக்கொள்வது ஒரு பங்குதான்.

புதிதாக வீடு வாங்கியவர்களைத் திடுக்கிட வைப்பது சப்ளிமென்டல் பில். பழைய மதிப்புக்கும் நீங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, அந்த நிதியாண்டின் மிச்ச மாதங்களுக்கு மட்டும் வரும் தனி பில் அது. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. முந்தைய உரிமையாளருக்கு 4 லட்சம் டாலராக இருந்த வீட்டை டிசம்பர் நடுவில் 15 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். வித்தியாசம் 11 லட்சம், அதில் 1 சதவீதம் 11,000. கணக்கு அடுத்த மாத முதல் தேதியில் தொடங்கும் என்பதால் ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம், அதாவது பாதி. 5,500 டாலருக்கு ஒரு பில் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும். ஜனவரி முதல் மே வரை வாங்கியிருந்தால் இப்படி இரண்டு பில் வரும். கடன் கொடுத்த வங்கி மாதாமாதம் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் பிடித்துவைத்துக் கட்டுவது வழக்கமான பில்லை மட்டும்தான். சப்ளிமென்டல் பில்லைப் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். "வங்கி பார்த்துக்கொள்ளும்" என்று மேசையில் போட்டுவைத்துவிட்டு அபராதம் கட்டியவர்கள் ஏராளம்.

தேதிகள் நினைவில் இருக்கட்டும். முதல் தவணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10. தவறினால் 10 சதவீதம் அபராதம். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் ஹோம்ஓனர்ஸ் எக்ஸம்ப்ஷன் படிவம் கொடுங்கள், மதிப்பில் 7,000 டாலர் கழியும், ஆண்டுக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். ஒருமுறை கொடுத்தால் அந்த வீட்டில் இருக்கும்வரை போதும். சந்தை விலை சரிந்து, அசெஸர் குறித்த மதிப்புக்கும் கீழே போய்விட்டால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். முறைப்படி மேல்முறையீடு செய்ய சாண்டா கிளாராவில் செப்டம்பர் 15 வரை நேரம் உண்டு.

மொத்தத்தில் மதிப்பு அசெஸரிடம், விகிதம் மாநிலச் சட்டத்திடமும் வாக்காளரிடமும், வசூல் வரித்துறையிடம்.

சான்றிதழ், சமையல், சுகாதாரம்

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டிய கவுண்டி நிகழ்வு நடந்த இடத்துடையது, நீங்கள் வசிக்கும் இடத்துடையது அல்ல. ஃப்ரீமான்ட்டில் வசிப்பவரின் வீடு அலமீடா கவுண்டியில் இருக்கிறது, ஆனால் குழந்தை மவுன்டன் வியூ மருத்துவமனையில் பிறந்தால் சான்றிதழ் சாண்டா கிளாரா கவுண்டியில்தான். திருமண உரிமத்தை எந்தக் கவுண்டியிலும் வாங்கலாம். அது 90 நாள் செல்லும், மாநிலத்தில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம். ஆனால் சடங்கு நடந்த 10 நாளுக்குள் கையெழுத்தான படிவம் உரிமம் கொடுத்த கவுண்டிக்கே திரும்பிப் போக வேண்டும். கோயில் கல்யாணங்களில் குருக்கள் கையெழுத்திட்ட தாள் சீர்வரிசைப் பைகளுக்குள் மாட்டிக்கொள்வது உண்டு. பிறகு விசா வேலைக்குச் சான்றிதழ் கேட்டு அலைய நேரும்.

உணவக வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஓர் அட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை சோதனை செய்து ஒட்டுவது அது. பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் குறை கண்டு நிபந்தனையோடு விட்டது, சிவப்பு என்றால் மூடியது. வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்க நினைப்பவர்களும் இதே துறையிடம்தான் பதிவுசெய்ய வேண்டும். கெட்டுப்போகும் அபாயம் குறைந்த பண்டங்களுக்கு 2013 முதல் மாநிலச் சட்டம் வழி திறந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் சகோதரிகள் பலர் இப்படி ஒரு பதிவு இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள்.

கவுண்டி சுகாதார அதிகாரியின் சட்ட அதிகாரம் எவ்வளவு பெரியது என்று 2020-இல் உலகமே பார்த்தது. மார்ச் 16 அன்று சாண்டா கிளாரா உட்பட சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் வீட்டிலேயே இருக்கும்படி ஆணையிட்டன. நாட்டிலேயே முதல் ஆணை அது. மாநிலத்தின் ஆணை மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. சாண்டா கிளாராவில் கையெழுத்திட்டவர் டாக்டர் சாரா கோடி. அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது மாநிலச் சட்டம். கிளை, தலைமையகத்தை முந்திக்கொண்டு செயல்பட்ட தருணம் அது.

குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம்

கவுண்டித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு செய்தி: சாண்டா கிளாராவில் தேர்தல் நடத்தும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் தமிழிலும் மாதிரி வாக்குச்சீட்டு தருகிறது. பார்த்துப் புரிந்துகொள்வதற்கானது அது, வாக்கை அதிகாரபூர்வச் சீட்டில்தான் குறிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற பெற்றோர் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வாக்குரிமைதான் இல்லையே தவிர, மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன. 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி வாரியத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள்பட்டியலை வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும். பேசுபவர் குடிமகனா என்று யாரும் கேட்பதில்லை. பெயர் சொல்வதைக்கூட நிபந்தனையாக்க முடியாது. பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான், எனவே எந்தப் பொருள் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள், என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஓர் ஒப்பந்தத்தின் நகல், சோதனை அறிக்கை, சாலைப் பழுது குறித்த பதிவு என்று எதை வேண்டுமானாலும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு நெருக்கமானது இது. ஆனால் அங்கே குடிமக்கள் மட்டுமே கேட்கலாம், இங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆவணம் தர முடியுமா, முடியாதா என்று பொதுவாக 10 நாளுக்குள் கவுண்டி பதில் சொல்ல வேண்டும்.

அன்றாடத் தகவலுக்கு மூன்று வழி போதும். காட்டுத்தீ, வெள்ளம், வெளியேறும் அறிவிப்பு போன்ற அவசரச் செய்திகள் தொலைபேசிக்கு வர அலர்ட்எஸ்சிசி சேவையில் இலவசமாகப் பதிவுசெய்யுங்கள். வாடகை உதவி, உணவு உதவி, முதியோர் சேவை பற்றி எங்கே கேட்பதென்று தெரியாதபோது 211-ஐ அழையுங்கள். உங்கள் தொகுதிச் சூப்பர்வைசரின் மின்னஞ்சல் செய்திமடலுக்கும் ஒருமுறை பெயர் கொடுத்துவையுங்கள். லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே பள்ளத்தைப் பற்றி எழுத வேண்டிய முகவரியும் அதில் இருக்கும்.